இரண்டாவது சரணம்

உங்களில் எத்தனை பேர் ஒரு பிரபலப் பாடகரின் தலைமுடியைக் கையில் ஏந்தியிருக்கிறீர்கள்? நான் ஏந்தியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, திண்டுக்கல்லில், எங்கள் வீட்டு முன்னறையில். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பாட்டு என்பது செல்போனில் விரலை வைத்தால் கொட்டுகிற சங்கதி என்று நினைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். நம் வயதுக்காரர்களான நீங்கள் நம்புவீர்கள். ஒரு பாட்டை முழுசாகக் கேட்பதற்கே அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குள் எவ்வளவு சண்டை நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

என் அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். மாதா கோயில் திருவிழாக் குழுவுக்குச் செயலாளர். அவருக்கு இரண்டு பக்திகள். ஒன்று மாதாமேல். இன்னொன்று அந்தப் பாடகர்மேல். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாமலே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வரும், அதுவே போதும். பெரிய பெரிய நடிகர்கள் எல்லாம் ஒரு காலத்தில் அவருடைய குரலுக்குத்தான் வாயசைத்தார்கள்.

"ழகரத்தக் கேளு பாப்பா, ழகரத்த! நாக்கு மடங்குற சத்தமே கேக்குதா?" என்று அப்பா என் காதைப் பிடித்து ரேடியோ பக்கம் இழுப்பார். எனக்குக் கேட்டதெல்லாம் ரேடியோவின் கொரகொரப்புதான். ஆனாலும் கேட்கிறது என்று தலையாட்டுவேன்.

அந்த ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. பால், தயிர் வைக்கிற வலைப்பெட்டி அளவுக்கு இருக்கும். போட்டவுடன் பாடாது. செத்த நேரம் சூடேற வேண்டும். அதன் நெற்றியில் ஒரு பச்சைக் கண் மெல்ல விரியும். வெந்த தூசி வாசனை வரும். பிறகுதான் குரல் வரும். அதற்கு அத்தை ஓர் உறை தைத்திருந்தாள், எதிரெதிரே இரண்டு கிளிகள் பூவேலை செய்து. அப்பாவைத் தவிர யாரும் அதன் திருகைத் தொடக்கூடாது. பழைய பாட்டு முடிந்து, அப்போது புதிதாகப் பெயர் எடுத்துக்கொண்டிருந்த இளம் பாடகரின் குரல் வந்தால் போதும், அப்பாவின் கை திருகுக்குப் போய்விடும். "சளி பிடிச்சவன் மாதிரி பாடுறான். இதெல்லாம் ஒரு பாட்டு!" இதனால் எங்கள் வீட்டில் புதுப் பாட்டுகள் எல்லாம் தொடங்கும், எதுவும் முடியாது. எந்தப் பாட்டானாலும் முதல் வாத்திய இசை மட்டும் எனக்கு அத்துப்படி.

அத்தை என்றேனே, அவள் அப்பாவின் தங்கை. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே ஞானப்பாடல்களுக்குக் குரல் எடுத்துக் கொடுப்பாள். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிவிடுவாள். சேவுகம்பட்டிக்காரர் ரொம்ப உயரமாம். வடமதுரைக்காரர் அம்புட்டு உயரமில்லையாம். அப்பா இதற்குத் தானாக ஓர் அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "அவளுக்கு உலக ஆசையே கெடையாது சாமி. மடத்துக்குப் போற மனசு" என்று பங்குச் சாமியாரிடமே சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே மாமாவின் கடை. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மில் வேலையை விட்டுவிட்டுக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை வைத்தார். சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டும் பல்பு மாலை. கண்ணாடிக்குள் வரிசை வரிசையாகக் கேசட்டுகள். புதுக் கேசட்டின் பிளாஸ்டிக் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும். கடை வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். இரண்டும் தெருவைப் பார்த்து இருக்க வேண்டியவை. எப்படியோ எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தே இருந்தன.

மில்லில் இருந்தவரை மாமாவை அப்பா "மாப்ள" என்று கூப்பிட்டார். கடை வைத்ததும் "அந்தக் கேசட்டுக்காரன்" ஆகிவிட்டார். பாடகர் வந்ததற்கு முந்தின வருடத் திருவிழாவில் சப்பரம் நிலைக்கு வந்த சூட்டோடு, மைக் செட் போட்டிருந்த மாமா ஒரு புதுக் காதல் பாட்டை ஓடவிட்டார். அப்பா ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். ஷாக் அடித்து, தலைமுடி எல்லாம் நட்டுக்கொண்டு, செபமாலையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அந்த ஷாக்கும் மாமா ஏற்பாடு செய்ததுதான் என்று கடைசிவரை நம்பினார். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் அம்மா வழியாகத்தான். "உன் தம்பிகிட்ட சத்தத்தக் கொறைக்கச் சொல்லு." "மச்சான காதுல பஞ்சு வைக்கச் சொல்லுக்கா." அம்மா இரண்டையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டாள். குழம்பை மட்டும் தூக்குவாளியில் ஊற்றி என்னிடம் கொடுத்து எதிர்க் கடைக்கு அனுப்புவாள்.

இந்த நிலவரத்தில்தான் அந்த வருடத் திருவிழாவுக்குப் பாட்டுக் கச்சேரி வைப்பது என்று பேச்சு வந்தது. குழுவில் இருந்த இளவட்டங்கள் புதுப் பாட்டு பாடுகிற ஏதாவது ஒரு குழுவைக் கேட்டார்கள். அப்பா விடவில்லை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பிடித்துத் தன் பாடகரையே வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

"சார், இப்பல்லாம் கச்சேரில அவரும் புதுப் பாட்டுதான் பாடுறாராம்" என்றான் ஓர் இளவட்டம்.

அப்பாவுக்கு வந்ததே கோபம்! "ஏலே, புலி பசிச்சாலும் புல்லத் திங்குமா? அவருக்கு இருக்க பாட்டப் பாடவே ஆயுசு பத்தாது. அடுத்தவன் பாட்ட அவரு வாயால பாடுனா, அந்த நிமிசமே இந்தச் செயலாளர் பதவிய விட்டுர்றேன். எழுதி வச்சுக்க."

அந்த வார்த்தை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எதிர்க் கடையில் அன்று ஸ்பீக்கர் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

கச்சேரி அன்று உச்சி வெயிலில் ஒரு வெள்ளை வேன் வந்து எங்கள் வாசலில் நின்றது. வாத்தியக்காரர்கள் எல்லாம் லாட்ஜில் இறங்கிவிட்டார்கள். பாடகர் மட்டும் எங்கள் வீட்டில் சாப்பிட்டு ஓய்வெடுக்க வேண்டும் என்பது அப்பா பிடிவாதமாகச் செய்த ஏற்பாடு. ரோஜா மாலையோடு அப்பா நின்றார். வேனிலிருந்து குள்ளமாக, பூசினாற்போல் ஒருவர் இறங்கினார். இசைத்தட்டு அட்டையில் பார்த்த அதே சுருட்டைமுடி. உள்ளே வந்தார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். "அப்பாடா" என்று தலையில் கை வைத்தார். முடி கையோடு வந்துவிட்டது.

"பாப்பா, இத எங்கயாச்சும் பத்திரமா வையி. வீட்ல பூனை கீனை இல்லியே?"

இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். தூங்குகிற நாய்க்குட்டி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. பவுடரும் வேர்வையும் கலந்த வாசனை. எங்கே வைப்பது என்று தெரியாமல் ரேடியோவின் மேலே, கிளிகளுக்கு நடுவில் வைத்தேன். ரேடியோவுக்கு முடி முளைத்த மாதிரி இருந்தது. அப்பா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த நாளைப் பற்றிப் பேசியிருக்கிறார். முடியைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை.

சாப்பாடு அடுத்த இடி. ஒரு வாரமாக அப்பா "தொண்டை, தொண்டை" என்று சொல்லிச் சொல்லி அம்மாவைப் படுத்தி எடுத்திருந்தார். காரம் கூடாது, எண்ணெய் கூடாது, குளிர்ச்சி கூடாது. கடைசியில் இலையில் விழுந்தது குழைந்த சோறு, மிளகு ரசம், வெஞ்சனத்துக்கு அவித்த பீன்ஸ். பக்கத்தில் ஆவி பறக்கிற வெந்நீர்.

"மனுசன் விருந்துக்கு வாராரா, ஆஸ்பத்திரில சேர வாராரா?" என்று அம்மா முதல் நாளே கேட்டிருந்தாள்.

பாடகர் இலையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு மூக்கைக் கொஞ்சம் உயர்த்தினார். தெருமுனை ஓட்டலில் சீரகச் சம்பா பிரியாணிக்கு அப்போதுதான் மூடி திறந்திருந்தார்கள்.

"சார், ஊருக்குள்ள நுழைஞ்சதுலேர்ந்து வேன் ஜன்னல் வழியா இந்த வாசனைதான் வருது. எனக்கு மட்டும் ரசமா?"

"ஐயா... தொண்டை..."

"எல்லாம் தொண்டை வழியாத்தான் சார் போகணும்."

பிரியாணி வந்தது. ஐஸில் புதைத்த கலர் சோடாவும் வந்தது. அவர் ஒவ்வொரு மடக்கு கலரைக் குடிக்கும்போதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவதை நான் பார்த்தேன்.

அவர் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் எதிர்க் கடையில் அந்தப் பாட்டு தொடங்கியது. அந்த வருடம் டீக்கடை, பஸ், கல்யாண வீடு எல்லாவற்றிலும் ஓடிய பாட்டு. இளம் பாடகர் பாடியது. அப்பா ஒரே தாவாகத் தாவி ஜன்னலைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க, சாத்தாதீங்க!" என்று பாடகர் எழுந்துவிட்டார். "சாயங்காலம் இதத்தான் பாடணும். எங்க போனாலும் சனங்க இதத்தான் கேக்குறாங்க. பல்லவி வந்துருச்சு, முதல் சரணம் வந்துருச்சு. இந்த ரெண்டாவது சரணம் மட்டும் எனக்கு நிக்கவே மாட்டேங்குது. வீட்ல யாருக்காவது வரி தெரியுமா?"

அப்பா ஜன்னல் கதவைப் பிடித்தபடியே நின்றார். அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். சப்பரத்தடியில் ஷாக் அடித்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது.

"ஐயா, எங்க வீட்ல இந்த மாதிரிப் பாட்டெல்லாம் யாருக்கும்..." என்று அவர் முடிக்கவில்லை.

"அத்தைக்கு எல்லாப் பாட்டும் தெரியும்" என்றேன் நான்.

அது எனக்கு ஒரு ரகசியமாகவே தோன்றியதில்லை. கிணற்றடியில் துணி துவைக்கும்போது அத்தை பாடுவாள். நானும் பக்கத்தில் இருப்பேன். வீட்டுக்குள் முடியாமல் நின்ற பாட்டுகள் எல்லாம் கிணற்றடியில் முடியும். அவ்வளவுதான்.

சமையலறை வாசலில் அத்தை கையில் தட்டோடு நின்றாள். தட்டை மெல்லக் கீழே வைத்தாள். பாடகர் கையெடுத்துக் கும்பிட்டு, "சொல்லும்மா" என்றார். அவள் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது மாதிரி வரிகளைச் சொன்னாள்.

"அப்படி இல்லம்மா. பாடிச் சொல்லு. அப்பத்தான் எனக்கு நிக்கும்."

அத்தை ஒரு தடவை அண்ணனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். கோயிலில் கேட்ட குரல்தான். ஆனால் கோயிலில் அந்தக் குரல் இவ்வளவு அவசரமில்லாமல் போனதில்லை. அவள் தொடங்கிய உடனே எதிர்க் கடையில் கேசட் நின்றது. தெருவில் வேறு சத்தமே இல்லை. மாமா கடையை விட்டு வெளியே வந்து, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவில், மூன்றாவது பெட்டி மாதிரி அசையாமல் நின்றார்.

அப்பா தங்கையைப் பார்த்தார். ஜன்னல் வழியாக எதிர்க் கடையைப் பார்த்தார். மறுபடியும் தங்கையைப் பார்த்தார். என்ன இருந்தாலும் தமிழாசிரியர். எழுவாயும் பயனிலையும் அவருக்குப் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம்..." என்று கேட்டார்.

"காலைலயும் சாயங்காலமும் எதிர்த்தாப்புல ஓடுதுல்லண்ணே. காதென்ன கதவா, சாத்தி வைக்க?"

"சரியாச் சொன்ன" என்றார் பாடகர். "சார், அந்தக் கடைக்காரரக் கூப்பிடுங்க. கேசட்டோட வரட்டும். நிறுத்தி நிறுத்திப் போட்டுக் கேட்டா சீக்கிரம் பிடிச்சுக்குவேன்."

அப்பா வாசற்படி வரை போனார். மாமாவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை போலும். திரும்பி என்னிடம், "பாப்பா, ஒங்க மாமாவ வரச் சொல்லு" என்றார். "ஒங்க மாமா" என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்காகவே நான் செருப்புப் போடாமல், கொதிக்கிற தார் ரோட்டில் ஓடினேன்.

மாமா வருவதற்குக் கொஞ்சம் தாமதமானது. வந்தபோது தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அவர் பாட்டை ஓடவிட்டு ஓடவிட்டு நிறுத்த, அத்தை வரியை எடுத்துக் கொடுக்க, பாடகர் திரும்பப் பாடினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறினார். ஒவ்வொரு தடவை தப்பு வரும்போதும் தன் மொட்டைத் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். தட்டிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு பெரிய பாடகர் இப்படிச் சந்தோஷமாகத் தப்புச் செய்வார் என்று நான் நினைத்ததே இல்லை. அப்பா ஒரு மூலையில் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தபடி இருந்தார். வேர்வையா வேறு ஏதாவதா, தெரியவில்லை.

சாயங்காலம் கோயில் மைதானத்தில் மண் தெரியாத கூட்டம். சிறுமலைப் பக்கமிருந்து காற்று வீசியது. பொரிகடலை வாசனையும் பெண்கள் தலையில் இருந்த கதம்ப வாசனையும் மாறி மாறி வந்தன. பாடகர் முடியோடு மேடையேறினார். மாதா பாட்டு ஒன்று. பிறகு அவருடைய பழைய பாட்டுகள் வரிசையாக. அப்பா முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புதுப் பாட்டு வேண்டாமென்று பாடகர் மனசு மாறிவிட்டார் என்று நம்பியிருப்பார்.

"அடுத்தது என் பாட்டு இல்ல" என்றார் பாடகர் மைக்கில். "என் தம்பி பாடுனது. இத நான் பாடியிருக்கக் கூடாதான்னு எனக்குப் பொறாமையா இருக்கும். அதனால ஊர் ஊரா நானே பாடிக்கிறேன்."

வாத்தியம் எழுந்ததும் மைதானமே எழுந்துவிட்டது. துண்டுகள் மேலே பறந்தன. பங்குச் சாமியாரின் வலது கால் அங்கிக்குள் தாளம் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது சரணம் நெருங்கியது. பாடகர் பெண்கள் பக்கம் திரும்பினார். அங்கே அத்தை உதடு மட்டும் அசைய வரி வரியாகச் சொல்ல, அவர் அதைப் பார்த்துப் பார்த்தே சரணத்தை முடித்தார். கடைசி வரியில் மைக்கை அவள் பக்கம் நீட்டி ஒரு கும்பிடும் போட்டார். ஊர் மொத்தமும் திரும்பி அத்தையைப் பார்த்தது. அத்தை என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். நான் அப்போது அவளுடைய தோள் உயரம்கூட இல்லை.

கச்சேரி முடிந்ததும் இளவட்டங்கள் அப்பாவை நோக்கி ஓடிவந்தார்கள். பதவியை விடச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, விட்டுவிடுவதாகச் சொல்ல அப்பா தானாகவே வாயெடுத்தார். அதற்குள் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டார்கள். "அடுத்த வருசமும் நீங்கதான் சார் கச்சேரி பிடிக்கணும்!" அவர் மேலே இருந்தபடி என்னமோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். யார் காதிலும் அது விழவில்லை.

கீழே இறக்கிவிட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே மேடைக்குப் பின்னால் போனார். பாடகர் மறுபடியும் ஐஸ் கலர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. ஒங்க பாட்டே அம்புட்டு இருக்கு. எதுக்குய்யா இன்னொருத்தர் பாட்டப் போயி..."

பாடகர் பாட்டிலைக் கீழே வைத்தார். "சார், என் பாட்டப் பாடுறப்ப நீங்க கண்ண மூடிக்கிட்டீங்க. மேடைலேர்ந்து பாத்தேன். அன்னிக்கு ரெக்கார்டுல இருந்த மாதிரியே வருதான்னு பாக்குறீங்க. அது இனிமே எனக்கு வராது சார். வயசாயிருச்சு. உங்களப் பாக்கவே பயமா இருந்துச்சு. அடுத்தவன் பாட்டுல அந்தப் பயம் இல்ல. தப்பு வந்தாலும் சிரிச்சுக்கலாம்."

என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் பிடி தளர்ந்தது.

"அது கெடக்கட்டும்" என்றார் பாடகர். "உங்க தங்கச்சிக்கும் அந்தக் கேசட் கடை மாப்பிள்ளைக்கும் கல்யாணம் என்னைக்கு? நல்ல ஜோடி. நீங்க பாத்து முடிச்ச இடமாத்தான் இருக்கும்."

அப்பா கடவுளிடம் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்.

"வர்ற தையிலங்கய்யா" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம், "தையில கல்யாணம். ஒங்க அப்பாகிட்டச் சொல்லு" என்றார்.

"யாருக்குங்க?"

"ஒண்ணும் தெரியாதவ மாதிரிக் கேக்காத" என்றார் அப்பா. அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அங்கே இருந்தது அத்தை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அப்பா பாடகருக்குப் பத்திரிகை அனுப்பினார். அவரால் வர முடியவில்லை. அதன்பின் அப்பா இருந்த காலம் முழுக்க, யாரிடம் பேசினாலும் அந்தச் சம்பந்தம் தன்னுடைய யோசனை என்றுதான் சொன்னார். "ரெண்டு பேருக்கும் பொருத்தம் இருக்குன்னு எனக்கு முன்னாடியே ஒரு கணக்கு." நாங்கள் யாரும் மறுக்கவில்லை. அவர் அதை மனதார நம்பினார். பாடகர் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டு கேட்ட கேள்வியில் அத்தைக்கு வாழ்வு அமைந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் செம்பட்டிக்குப் போயிருந்தேன். அத்தையும் மாமாவும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் தூங்கப் போனபிறகு அத்தையிடம், "அந்த மனுசன் மட்டும் அன்னைக்குத் தப்பாப் புரிஞ்சுக்கலைன்னா என்னத்த ஆகியிருக்கும் அத்தே?" என்று கேட்டேன்.

அத்தை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்.

"யாரு தப்பாப் புரிஞ்சா? மேடைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி மூஞ்சி கழுவக் கொல்லைக்கு வந்தாரு. நாந்தேன் தண்ணி மோந்து ஊத்துனேன். குனிஞ்ச வாக்குலயே, 'அந்தக் கடைக்காரர் உனக்கு யாரும்மா?'ன்னு கேட்டாரு. 'இன்னும் யாரும் இல்லைங்கய்யா'ன்னேன். துண்ட வாங்கி மூஞ்சியத் தொடைச்சாரு. 'இன்னும்'ங்கிறத மட்டும் அவரும் ஒருக்காச் சொல்லிப் பாத்துக்கிட்டாரு. அப்புறம் போயிட்டாரு."